விலக்குப் பிரிவைப் படித்தல்



குழந்தை மருத்துவர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. பேச வந்திருப்பவனோ சட்டம் கற்பித்து ஓய்வுபெற்றவன். இரண்டுக்கும் பொதுவான பொருள் ஒன்றைத் தேடியபோது, அமெரிக்க மாநிலங்கள் சில ஆண்டுகளாகப் போட்டுவரும் ஒருவகைச் சட்டம் நினைவுக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத திருநர் பிள்ளைகளுக்குப் பாலின மாற்றம் சார்ந்த சிகிச்சை தரக்கூடாது என்பது அந்தச் சட்டங்களின் சாரம். 2021-இல் ஒரே மாநிலத்தில் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் 25-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "அவங்க ஊர்ச் சண்டை நமக்கு எதுக்கு சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அந்தச் சண்டையின் ஓர் இழை மதுரை வரை வருகிறது. அங்கே வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

புதிதாக ஒரு சட்டம் கையில் கிடைத்தால் அதன் தலைப்பை நான் நம்புவதில்லை. அலபாமா மாநிலம் 2022-இல் போட்ட சட்டத்தின் பெயரில் பலவீனமான குழந்தை, பரிவு, பாதுகாப்பு எல்லாம் இருக்கின்றன. உள்ளே போனால் மருத்துவருக்குப் பத்தாண்டு வரை சிறை இருக்கிறது. முகவுரையையும் மேலோட்டமாகத்தான் புரட்டுவேன். நேரே விலக்குப் பிரிவுக்குப் போய்விடுவது என் வழக்கம். தடையை எழுதுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். விலக்கை எழுத உட்காரும்போதுதான், யார் மேல் கை வைக்கிறோம், யாரைத் தொடாமல் விடுகிறோம் என்று வரைவாளர் கணக்குப் பார்த்தாக வேண்டும். இன்று டென்னஸி மாநிலச் சட்டத்தை அந்த வழியில் படித்துக் காட்டுகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன சட்டம் அதுதான்.

2022 செப்டம்பரில், நாஷ்வில் நகரின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை பற்றி ஒரு வலதுசாரி விமர்சகர் சமூக ஊடகத்தில் சில காணொளிகளை வெளியிட்டார். ஊரே கொதித்தது. அடுத்த கூட்டத்தொடரில் மசோதா எண் 1 ஆகவே இது அவைக்கு வந்தது. 2023 மார்ச்சில் ஆளுநர் பில் லீ கையெழுத்திட்டார். ஜூலை 1 முதல் நடைமுறை. தடுக்கப்படுபவை மூன்று: அறுவை சிகிச்சை, பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்து, ஹார்மோன். எப்போது தடை? பிள்ளை தன் பிறவிப் பாலுக்கு மாறான அடையாளத்தோடு வாழ உதவுவதற்காகவோ, அந்த முரண்பாட்டால் வரும் மன அவதியைத் தீர்ப்பதற்காகவோ கொடுத்தால். அந்த அவதியைத்தான் மருத்துவர்கள் ஜெண்டர் டிஸ்போரியா என்கிறார்கள். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர் அபராதம். மருத்துவர் மேல் வழக்கும் தொடரலாம்.

இப்போது விலக்கு. பிறவிக் குறைபாடு, முன்கூட்டிய பருவமடைதல், நோய், உடற்காயம் ஆகியவற்றுக்காக இதே சிகிச்சைகளைத் தரலாம். அடுத்த வரியிலேயே, 'நோய்' என்ற சொல்லில் ஜெண்டர் டிஸ்போரியா அடங்காது என்று ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

லியூப்ரோலைடு என்றொரு ஊசி மருந்து இருக்கிறது. ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு மார்பு வளரத் தொடங்கிவிட்டது என்று தாய் பதறி ஓடிவந்தால், சுரப்பியல் மருத்துவர் எடுப்பது பெரும்பாலும் இந்த வகை மருந்தைத்தான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையை அது நிறுத்திவைக்கிறது. ஊசியை நிறுத்தினால் பருவம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்தப் பயனுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1993-இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. அதே ஊசியைப் பன்னிரண்டு வயதுத் திருநர் பிள்ளைக்குப் போட்டால் டென்னஸியில் சட்டமீறல். மார்பு பெருத்துக் கூச்சப்படும் பதினைந்து வயதுப் பையனுக்கு அறுவை செய்து சமதளமாக்கலாம். அதே வயதில், பெண்ணாகப் பிறந்து தன்னை ஆணாக உணரும் பிள்ளைக்குச் செய்ய முடியாது. சட்டம் மருந்தைத் தடுக்கவில்லை. நோக்கத்தைத் தடுக்கிறது.

"அதிலென்ன தவறு? நோக்கம் மாறினால் லாப நட்டமும் மாறும்தானே?" என்று மாநிலத் தரப்பு கேட்கிறது. இதைக் கேலி செய்து ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறு வயதில் நிறுத்திப் பதினொன்றில் விட்டால் குழந்தை தன் வயதுத் தோழிகளோடு சேர்ந்துகொள்கிறது. பன்னிரண்டில் நிறுத்தினால் தோழர்கள் வளர, இது மட்டும் நிற்கிறது. எலும்பு அடர்த்தி ஏறவேண்டிய ஆண்டுகள் அவை. தள்ளிப்போடும் மருந்தில் தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு ஹார்மோனுக்கும் போகிறார்கள். பருவத்தின் முதற்படியிலேயே நிறுத்தி, அப்படியே ஹார்மோனுக்குப் போனால் பிற்காலத்தில் பிள்ளை பெறும் வாய்ப்பு அடிபடலாம். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இதையெல்லாம் எப்படி எடைபோடும் என்பது நியாயமான கேள்வி. பெற்றோர் எடைபோடுகிறார்களே என்பது நியாயமான பதில்.

இந்தச் சிகிச்சை முறை 1990-களில் நெதர்லாந்தில் உருவானது. அங்குள்ள மருத்துவர்கள் மிகுந்த கண்டிப்போடு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்: சிறு வயது முதலே தொடர்ந்துவரும் உணர்வு, வேறு பெரிய மனநலச் சிக்கல் இல்லாமை, குடும்ப ஆதரவு, மாதக்கணக்கில் மதிப்பீடு. அவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 70 பேர்; 2014-இல் வந்த தொடர் ஆய்வில் 55 பேர். உலகெங்கும் இந்தச் சிகிச்சை பரவியது இந்தச் சிறிய அடித்தளத்தின் மேல்தான். பிறகு சிகிச்சையகங்களுக்கு வந்த பிள்ளைகள் வேறுமாதிரி இருந்தார்கள். பெண்ணாகப் பிறந்து, பருவ வயதில்தான் இந்த உணர்வு தோன்றியவர்கள் கூடினார்கள். ஆட்டிசம், பதற்றம், மனச்சோர்வு உடன் இருந்தவர்கள் நிறைய. இங்கிலாந்தில் குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் தலைமையில் நடந்த மறுஆய்வு 2024 ஏப்ரலில் வெளியானது. இதுவரை இருக்கும் சான்று பலவீனமானது என்று அது நேராகச் சொன்னது. எதிர்த்தரப்பில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் சுரப்பியல் சங்கமும் நிற்கின்றன: சான்று நிறைவாக இல்லை என்பது குழந்தை மருத்துவத்தில் பாதிக்கும் பொருந்தும், உரிய பிள்ளைக்கு உரிய நேரத்தில் கிடைத்தால் இந்தச் சிகிச்சை தாங்குகிறது என்பது அவர்கள் நிலை. ஆனாலும் சான்றுகளைத் தொகுத்து ஆராய வேண்டும் என்று குழந்தை மருத்துவர் கழகமே 2023-இல் முடிவெடுத்தது.

தற்கொலையைச் சொல்லிப் பயமுறுத்தும் பேச்சு இந்த விவகாரத்தில் மிகுதி. உச்ச நீதிமன்ற விசாரணையின்போது நீதிபதி அலிட்டோ இதைக் குடைந்து கேட்டார். சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்ட குடும்பங்களுக்காக வாதாடியவர் சேஸ் ஸ்ட்ராஞ்சியோ. அந்த நீதிமன்றத்தில் தன்னைத் திருநர் என்று வெளிப்படுத்திக்கொண்டு வாதாடிய முதல் வழக்கறிஞர். தற்கொலைச் சாவுகள், நல்லவேளையாக, மிக அரிது. ஆய்வுகள் காட்டுவது தற்கொலை எண்ணங்கள் குறைவதைத்தான் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். தன் கட்சிக்காரருக்குச் சங்கடமான உண்மையைத் திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் வழக்கறிஞர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

சான்று பலவீனம் என்று தெரிந்தபின் ஒவ்வொரு நாடும் என்ன செய்தது என்பதில்தான் வேறுபாடு. பின்லாந்து 2020-இல், சுவீடன் 2022-இல் வழிகாட்டு நெறிகளை இறுக்கின. முடிவெடுத்தவை சுகாதார அமைப்புகள். தேவை மிகுந்த சிலருக்கும் ஆராய்ச்சிக்கும் கதவைத் திறந்து வைத்தன. இங்கிலாந்து ஒரு படி மேலே போய், தள்ளிப்போடும் மருந்தைப் புதிதாக எழுதித்தருவதை 2024 டிசம்பரில் காலவரையின்றி நிறுத்தியது. ஆனால் 2027-இல் மறுபரிசீலனை என்று தேதி போட்டது. ஹார்மோனை அந்தத் தடைக்குள் கொண்டுவரவில்லை. டென்னஸியின் சட்டத்தில் மறுபரிசீலனைத் தேதி இல்லை. ஆராய்ச்சிக்கு விலக்கு இல்லை. நாளைக்கே நல்ல சான்று கிடைத்தாலும் அதைப் பயன்படுத்த அங்கே வாசல் கிடையாது. 'சான்று போதாது' என்று சொல்லிவிட்டுச் சான்று திரட்டும் வழியையும் அடைப்பது, மருத்துவ எச்சரிக்கையின் தர்க்கம் ஆகாது. இந்தச் சட்டங்கள்மேல் எனக்குள்ள முதல் மனக்குறை இதுதான்.

அரசியல் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2020-இல் தெற்கு டகோட்டாவில் இப்படியொரு மசோதா கீழவையில் நிறைவேறி, மேலவைக் குழுவிலேயே செத்துப்போனது. அடுத்த ஆண்டு ஆர்கன்சாஸ் மாநிலத்தில் வென்றது. அங்கே ஆளுநர் ஏசா ஹட்சின்சன், பழுத்த குடியரசுக் கட்சிக்காரர், மசோதாவுக்கு வீட்டோ போட்டார். மருத்துவர், பெற்றோர், பிள்ளை மூவருக்கும் நடுவில் அரசு இந்த அளவு நுழைவது வரம்பு மீறல் என்றார். ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் விலக்கு இல்லை என்பது அவருடைய இன்னொரு குறை. அந்த மாநிலத்தில் வீட்டோவை முறியடிக்கச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். மறுநாளே முறியடித்துவிட்டார்கள். ஒஹையோவில் 2023 கடைசியில் இதே கதை: மருத்துவமனைகளுக்குப் போய், குடும்பங்களோடு பேசிவிட்டு ஆளுநர் டிவைன் போட்ட வீட்டோ சில வாரங்களில் போயிற்று. பொதுவாக, நேரில் போய்ப் பார்த்தவர்கள் தயங்கியிருக்கிறார்கள்.

நெப்ராஸ்கா மட்டும் தனிக் கதை. அமெரிக்காவில் ஒரே அவை கொண்ட சட்டமன்றம் அது; 49 உறுப்பினர்கள். 2023-இல் ஒமாஹா நகர உறுப்பினர் மஷேலா கவனா, இந்த மசோதாவைத் தடுக்க, வாரக்கணக்கில் எல்லா மசோதாக்கள்மேலும் பேசிப் பேசி நேரத்தைக் கடத்தினார். சாரணச் சிறுமியர் விற்கும் பிஸ்கட்டில் எது சுவை, ஊரில் எங்கே நல்ல டோனட் கிடைக்கும் என்பதெல்லாம் அவைக் குறிப்பில் ஏறின. தோற்றார். ஆனால் அந்த இழுபறியில் வெளிவந்த சட்டம் அறுவையைத் தடைசெய்து, மருந்தையும் ஹார்மோனையும் மாநிலத் தலைமை மருத்துவ அதிகாரியின் விதிகளுக்கு விட்டது. 40 மணி நேர உளவியல் ஆலோசனை, ஏழு நாள் காத்திருப்பு என்று விதிகள் வந்தன. கெடுபிடிதான், பல குடும்பங்களுக்கு எட்டாத உயரம்தான். ஆனாலும் விதியை மாற்றலாம், விதியோடு வாதாடலாம்.

யூட்டா வேறொன்றைக் காட்டியது. 2023-இல் புதிதாகச் சிகிச்சை தொடங்குவதை நிறுத்திவைத்து, சான்றுகளை ஆராயுங்கள் என்று தன் சுகாதாரத் துறைக்கே உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முந்தைய மாதம், 2025 மே-யில், ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட அறிக்கை வெளியானது. சிகிச்சையால் பலன் இருக்கிறது என்றே அது பெரும்பாலும் சொன்னது. தடை நீங்கவில்லை. அதே மே மாதம் வாஷிங்டனில் மத்திய சுகாதாரத் துறையும் 409 பக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் முடிவு நேர் எதிர். எழுதியவர்கள் பெயர் அப்போது அதில் இல்லை. ஒரே மாதத்தில் இரண்டு அரசு அறிக்கைகள். அவரவருக்கு வேண்டியதை அவரவர் மேற்கோள் காட்டிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் எத்தனை பிள்ளைகள்? தனியார் காப்பீட்டில் உள்ள ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் 2018 முதல் 2022 வரையான பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2025 ஜனவரியில் வெளியானது. தள்ளிப்போடும் மருந்தோ ஹார்மோனோ பெற்ற திருநர் பிள்ளைகள் 0.1 சதவீதத்துக்கும் கீழே. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் ஹார்மோன் பெற்றவர் ஒருவரும் இல்லை.

வழக்குக்கு வருவோம். நாஷ்வில் குடும்பம் ஒன்றும் வேறு சிலரும் போட்ட வழக்கில், டிரம்ப் நியமித்த மாவட்ட நீதிபதி எலை ரிச்சர்ட்சனே டென்னஸிச் சட்டத்தின் மருந்துப் பகுதியை நிறுத்திவைத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கலைத்தது. 2024 டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் விசாரணை. 2025 ஜூன் 18 அன்று தீர்ப்பு. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் நின்றது. இடையில் ஆட்சி மாறி, குடும்பங்களின் பக்கம் வழக்கில் சேர்ந்திருந்த மத்திய அரசே கட்சி மாறிக்கொண்டது தனி வேடிக்கை.

எதிர்த்தவர்கள் வாதம் எளிமையானது. பருவம் தாமதமான பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் தரலாம். பெண்ணாகப் பிறந்த பிள்ளைக்கு, ஆணாக வாழ்வதற்காக, தரக்கூடாது. ஆக, தடை யாருக்கு என்று சொல்ல அந்தப் பிள்ளையின் பால் தெரிந்தாக வேண்டும். அப்படியானால் இது பால் அடிப்படையிலான பாகுபாடு. அரசு வலுவான காரணம் காட்டியே தீர வேண்டும். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஏற்கவில்லை. சட்டம் பிரிப்பது வயதையும் மருத்துவப் பயனையும்தான். இந்தப் பயனுக்கு ஆண் பிள்ளைக்கும் இல்லை, பெண் பிள்ளைக்கும் இல்லை. எனவே நியாயமான ஏதோவொரு காரணம் இருந்தாலே போதும் என்றார். அந்த அளவுகோலில் தோற்கும் சட்டம் மிக அரிது.

மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டென்னஸிச் சட்டத்தின் முகவுரையில் ஒரு வரி இருக்கிறது: பிள்ளைகள் தங்கள் பிறவிப் பாலை மதித்து ஏற்க ஊக்குவிப்பது அரசின் அக்கறை என்று. இது எலும்பு அடர்த்தி பற்றிய கவலை இல்லை. பெண் பெண்ணாக இருக்கட்டும், ஆண் ஆணாக இருக்கட்டும் என்ற கவலை. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சோட்டோமேயர் இந்த வரியைப் பிடித்துக்கொண்டார். பெரும்பான்மைத் தீர்ப்பு இதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பெற்றோர் உரிமை என்ற கேள்வியையோ நீதிமன்றம் விசாரணைக்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஃபுளோரிடா 2022-இல் பள்ளிக்கூட விஷயங்களில் பெற்றோர் உரிமைக்கென்றே ஒரு சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே, பெற்றோர் சம்மதித்தாலும் இந்தச் சிகிச்சை கூடாது என்று இன்னொன்று போட்டது. பெற்றோரின் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது.

தடை போட்ட மாநிலத்தின் கை பிற மாநிலத்துக்குள்ளும் நீண்டது. 2023-இல் டெக்சஸ் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம், சுமார் இரண்டாயிரம் மைல் தள்ளியிருக்கும் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையிடம், டெக்சஸ் பிள்ளைகளின் சிகிச்சை விவரங்களைக் கேட்டது. மருத்துவமனை வழக்குப் போட்டது. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் அதே ஆண்டு இயற்றியிருந்த காப்புச் சட்டமும் துணைக்கு இருந்தது. 2024-இல் சமரசத்தில் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு நிதியை வைத்து நெருக்கத் தொடங்கியபின், தடைச் சட்டமே இல்லாத கலிபோர்னியாவில்கூட லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனை தன் திருநர் இளையோர் மையத்தை ஜூலையில் மூடிவிட்டது.

விலக்குப் பிரிவில் முதலில் நின்ற சொல்லுக்கு இப்போது திரும்ப வேண்டும்: பிறவிக் குறைபாடு. ஆண் என்றோ பெண் என்றோ எளிதில் சொல்ல முடியாத உடல் கூறுகளோடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளை அந்தச் சொல் குறிக்கிறது. டென்னஸி, ஆர்கன்சாஸ், டெக்சஸ் எல்லாச் சட்டங்களிலும் இந்த விலக்கு உண்டு. அதாவது, பதினாறு வயதுப் பிள்ளை வாய் திறந்து கேட்டாலும் ஹார்மோன் கிடையாது. எட்டு மாதக் கைக்குழந்தையின் பிறப்புறுப்பை, அது கேட்காமலே, பெண்ணைப்போல் தோன்றும்படி வெட்டித் தைக்கலாம். பிற்காலத்தில் உணர்ச்சியிழப்பு, தழும்பு, வலி, மலட்டுத்தன்மை வரலாம். ஒதுக்கிக் கொடுத்த பாலே அந்தக் குழந்தைக்குப் பொருந்தாமலும் போகலாம். திரும்பப் பெற முடியாத சிகிச்சை, சம்மதிக்க முடியாத வயது, பிள்ளை பெறும் திறன் என்று தடைக்குச் சொன்ன ஒவ்வொரு காரணமும் இந்தக் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனாலும் இங்கே சட்டம் கையைக் கட்டிக்கொள்கிறது. இந்தக் கத்தி குழந்தையை வழக்கமான இரண்டில் ஒன்றுக்குள் கொண்டுவருகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. தாராளவாதிகள் ஆளும் மாநிலங்களும் யோக்கியம் இல்லை. கைக்குழந்தைகளுக்கு இந்த அறுவையைத் தள்ளிவைக்கக் கோரிய கலிபோர்னிய மசோதா, மருத்துவச் சங்கங்களின் எதிர்ப்பில், 2020-இல் குழுவிலேயே தோற்றது. அந்த ஆண்டு சிகாகோவின் லூரி குழந்தைகள் மருத்துவமனை மட்டும், தன் பழைய அறுவைகளுக்காக ஊடுபால் மனிதர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

இனி மதுரை. 2019 ஏப்ரல் 22 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். வழக்கு கல்யாணப் பதிவு பற்றியது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவாளர் பதிய மறுத்திருந்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்பது திருநங்கையையும் உள்ளடக்கும் என்று நீதிபதி தீர்த்தார். அதோடு நிற்காமல், ஊடுபால் உரிமைக்காக உழைத்துவரும் மதுரைக்காரரான கோபி ஷங்கரின் பணியைக் குறிப்பிட்டு, கைக்குழந்தைகளுக்கும் சிறுவருக்கும் இத்தகைய பால்சார் அறுவை செய்வதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டார். வழக்கில் யாரும் கேட்காத நிவாரணம் அது. நீதிமன்ற வரம்பு பற்றி வகுப்பெடுத்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சின்ன நெருடல் உண்டு. அதன் பலனில் நெருடல் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று மக்கள் நல்வாழ்வுத் துறை அரசாணை எண் 355-ஐ வெளியிட்டது. இந்தியாவில் இந்தத் தடையைக் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு.

அந்த ஆணையிலும் விலக்கு ஒன்று உண்டு: உயிருக்கு ஆபத்தான நிலை. அது உயிருக்கு ஆபத்தா, பெற்றோரின் சங்கடமா என்பதைப் பிரித்துச் சொல்ல மருத்துவர்களோடு மருத்துவர் அல்லாதவரும் சேர்ந்த ஒரு குழு. டென்னஸிக்காரர்கள் எதை விலக்கில் வைத்தார்களோ அதை நாம் தடையில் வைத்திருக்கிறோம். இதற்காக மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அரசாணை என்பது சட்டமன்றம் இயற்றிய சட்டமல்ல. இன்னோர் அரசாணை வந்தால் போயிற்று. பதினாறு வயதுத் திருநர் பிள்ளை சிகிச்சை கேட்டு வந்தால் நம் அரசு மருத்துவமனை என்ன சொல்ல வேண்டும் என்பதற்கும் அதில் பதில் கிடையாது.

சட்ட மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உயிருக்கு ஆபத்து என்ற விலக்கின் கீழ் 2019-இலிருந்து எத்தனை அறுவைகளுக்கு அனுமதி தரப்பட்டது, அந்தக் குழு எத்தனை முறை கூடியது, அதில் மருத்துவர் அல்லாத உறுப்பினராக யார் உட்கார்ந்திருந்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மனுக் கட்டணம் பத்து ரூபாய்தான். வரைவு எழுதியதும் எனக்கு அனுப்பினால் திருத்திக் கொடுக்கிறேன்.